இனிமே… சரியா?

1

இந்தக் கதை எனக்கு எப்படிக் கிடைத்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சொன்னால் மழுப்புவதுபோல் இருக்கும்.

பல் டாக்டரின் நாற்காலியில் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தேன். கடைவாய்ப் பல்லுக்கு ரூட் கனால். டாக்டர் ஊசியைப் போட்டுவிட்டு, மரத்துப்போகட்டும் என்று பக்கத்து அறைக்குப் போய்விடுவார். அந்த நேரத்தில் எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்கும் உதவியாளர் பேசுவார். பல் டாக்டரிடம் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு: எதிரில் இருக்கிறவன் குறுக்கே பேச முடியாது. நான் பொறுமையாகக் கேட்கிறவன் என்று அவர் நினைத்துக்கொண்டது இப்படித்தான்.

அவர் பெயரை எழுதப் போவதில்லை. அக்கா என்றே எழுதுகிறேன். கதையில் அவருக்கு அதுதான் வேலை. தங்கைக்கு வீட்டில் வாண்டு என்று பெயர். நாற்பதை எட்டப்போகும் பெண்ணை இன்னும் வாண்டு என்றுதான் கூப்பிடுகிறார்கள். கூப்பிட்டார்கள் என்று எழுத வேண்டுமோ? (எந்தக் காலத்தில் எழுதுவது என்பதில் எனக்கு ஒரு சங்கடம். ஆள் உயிரோடுதான் இருக்கிறாள். கூப்பிட்டால் கேட்காது, அவ்வளவுதான்.)

நான் எழுதுகிறவன் என்று டாக்டர் அவரிடம் சொல்லியிருக்கிறார். கதை பாதி வந்திருந்தபோது அவர் கேட்டார்: "இத எழுதுவீங்களா சார்?" எனக்குப் பாதி முகம் இருந்ததே தெரியவில்லை. தலையை ஆட்டினேன். சரி என்று ஆட்டினேனா, குழாய் நாக்கில் குத்துகிறது என்று ஆட்டினேனா, இப்போது நிச்சயமாகச் சொல்ல முடியாது. அவர் சரி என்று எடுத்துக்கொண்டார். எழுதுகிறேன்.

2

முதல் தொடக்கம்: விளக்குகள் அணைந்ததும் அந்த மைதானம் ஒரு மிருகத்தைப்போல்

நிறுத்திவிட்டேன். நான் எந்த ராக் குழுவின் கச்சேரிக்கும் போனதில்லை. யாரோ கை நடுங்க எடுத்துப் போட்ட காணொளிகளைப் பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான். மிருகம், கடல், அலை எல்லாம் போகாதவன் எழுதும் உவமைகள். போனவர்கள் கழிவறை வரிசையைப் பற்றித்தான் பேசுகிறார்கள்.

இரண்டாவது தொடக்கம்: வாண்டு தன் வாழ்நாளில் கேட்கப்போகும் கடைசிப் பாட்டு

இல்லை. கண்ணீரை முன்பதிவு செய்யச் சொல்லும் வாக்கியம். அடித்துவிட்டேன்.

மூன்றாவது தொடக்கம்: அக்காவுக்கு அந்த இசையே பிடிக்காது.

இது உண்மை. இதிலிருந்து போகலாம்.

அக்காவுக்கு அந்த இசையே பிடிக்காது. தகர டப்பாவை மாடிப்படியில் உருட்டிவிட்ட மாதிரி என்பார். சின்ன வயதில் இரண்டு பேருக்கும் ஒரே அறை. வாண்டுவின் கட்டிலுக்கு மேலே அவளுக்குப் பிடித்த ராக் குழுவின் நால்வர் படம் ஒட்டியிருக்கும். நால்வருக்கும் தோள்வரை முடி. நால்வரும் யார்மீதோ கோபமாக இருப்பார்கள். அக்கா பரீட்சைக்குப் படிக்கும்போது தலையணையை எடுத்துக் காதில் வைத்து அமுக்கிக்கொள்வார். "அந்தக் கழுதையக் கொஞ்சம் நிறுத்துடீ" என்று கத்துவார். வாண்டு சத்தத்தைக் குறைப்பாள். குறைத்துவிட்டு, ஒலிபெருக்கியோடு காதை ஒட்டிவைத்துக்கொண்டு படுத்திருப்பாள். அக்காவுக்கு அந்தக் காட்சி இப்போது அடிக்கடி நினைவுக்கு வருகிறதாம். அந்தக் காது இடதா வலதா என்றுகூட யோசித்துப் பார்க்கிறாராம்.

(குழுவின் பெயரைச் சொன்னால் உங்களுக்கே தெரியும். அதனால்தான் சொல்லவில்லை. சொன்னால் நீங்கள் உங்கள் பாட்டுகளைத் தூக்கிக்கொண்டு இதற்குள் வந்துவிடுவீர்கள். பிறகு வாண்டுவின் பாட்டுக்கு உட்கார இடம் இருக்காது.)

3

வாண்டுவுக்கு ஓர் அழைப்பு மையத்தில் வேலை. துணி துவைக்கும் இயந்திரம் ஓடவில்லை என்று கொதித்துப்போய்க் கூப்பிடுகிறவர்களை ஆறவைப்பது. கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டாள். அப்பா அம்மா போன பிறகு அக்கா வீட்டிலேயே ஓர் அறை. அக்காவின் கணவர் குளிர்சாதனப் பெட்டி பழுது பார்க்கிறவர். அதிகம் பேசாதவர். மச்சினி ராத்திரி வேலை முடிந்து வரும் நாட்களில் வாசல் விளக்கை அணைக்காமல் தூங்குகிறவர். அவ்வளவு போதும் அவரைப் பற்றி.

இடது காது சில வருஷங்களுக்கு முன்பே போய்விட்டது. கேட்கும் நரம்பில் ஒரு கட்டி. எடுத்தார்கள். கட்டியோடு கேட்பதும் போனது. அப்போது அவள் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. வேலையில் ஒரு பக்கம்தான் ஹெட்ஃபோன் என்றாளாம். பிறகு வலது காதில் வாடிக்கையாளர்களின் குரல் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல் வர ஆரம்பித்தது. ஸ்கேன் எடுத்தார்கள். அந்தப் பக்கமும் அதேபோல் ஒன்று.*

ஆஸ்பத்திரி டாக்டர் எதையும் மறைக்கவில்லை. எடுத்தால் இந்தக் காதும் போகும். எடுக்காவிட்டால் அது வளர்ந்து மூளையின் அடித்தண்டை நெருக்கும். விழுங்குவது, மூச்சு விடுவது எல்லாம் அங்கேயிருந்துதான். எப்போது நெருக்கும் என்று தேதி சொல்ல முடியாது, ஆனால் தள்ளிப்போடுவது நல்லதல்ல என்றார். அக்கா அங்கேயே படுக்கைக்குச் சொல்லிவைக்கத் தயாராக இருந்தார். வாண்டு தன் கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

அந்த வாரம்தான் அந்த நால்வரும் இந்த ஊருக்கு வருகிறார்கள் என்று அறிவிப்பு வந்தது. கச்சேரி முடியட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றாள். 'பார்க்கலாம்' என்றாளே தவிர 'வருகிறேன்' என்று சொல்லவில்லை. அக்கா அந்த வித்தியாசத்தைக் கவனித்தார், கவனிக்காததுபோல் இருந்தார்.

பிறகு டிரம் வாசிக்கிறவருக்கு முதுகு பிடித்துக்கொண்டது. கச்சேரி தள்ளிப்போனது. நேரில் பார்த்திராத ஒருவனின் முதுகைப் பற்றி அக்கா தன் ஆயுளில் அவ்வளவு கவலைப்பட்டதில்லை. காலையில் எழுந்ததும் கைப்பேசியில் அந்த முதுகின் நிலவரத்தைத் தேடுவார். அதற்குள் வாண்டுவுக்கு நடை தள்ளாட ஆரம்பித்தது. சுவரைத் தொட்டுக்கொண்டே சமையலறைக்குப் போவாள். ஒரு நாள் காபிக் கோப்பையை மேசையின் விளிம்புக்கு வெளியே, வெறும் காற்றில் வைத்தாள்.

அக்காவின் கணவர் அன்றைக்குத்தான் வாயைத் திறந்தார். கச்சேரியாவது கத்திரிக்காயாவது, நாளைக்கே இழுத்துக்கொண்டு போ என்றார். வாண்டு அவரைப் பார்த்துக் கோபப்படவில்லை. அக்காவிடம்தான் சொன்னாள்.

"கேக்காம இருந்து நான் என்ன பண்ணப் போறேன் சொல்லு. நீ சொல்லு, நான் வர்றேன்."

இந்த இடத்தில் ஒரு நல்ல பதிலை எழுதி அக்காவின் வாயில் வைக்கலாமா என்று நான் இரண்டு நாள் யோசித்தேன். எழுதியும் பார்த்தேன். படிக்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அவர் அன்றைக்குச் செய்தது, உடைந்த கோப்பையைப் பொறுக்கியது மட்டும்தான்.

* மருத்துவம் தெரிந்தவர்கள் யாராவது இதைப் படித்தால் பொறுத்துக்கொள்ளவும். பஞ்சும் குழாயும் அடைத்த வாயோடு கேட்டதை எழுதியிருக்கிறேன். குறுக்குக் கேள்வி கேட்க வழியில்லை.

4

முதுகு சரியானது. நாள் வந்தது.

இருவரும் பேருந்தில் போனார்கள். எங்கே போனாலும் அக்கா தங்கைக்கு வலது பக்கம்தான், அந்தப் பக்கம்தானே கேட்கும். கூட்டத்தில் இடித்துத் தள்ளி இடது பக்கம் போய்விட்டால், சுற்றிக்கொண்டு மறுபடி வலது பக்கம் வந்துவிடுவார். மைதான வாசலில் காவலாளிகள், யாரும் மேடைமீது எறியாதபடி, தண்ணீர் பாட்டில்களின் மூடியைக் கழற்றி ஒரு பீப்பாயில் போட்டார்கள். மூடியில்லாத பாட்டிலை ஒரு கையிலும் தங்கையை மறு கையிலும் பிடித்துக்கொண்டு மேலடுக்கின் சிமெண்டுப் படிகளில் ஏறியதில் அக்காவின் சட்டைக் கை முழுக்க நனைந்துவிட்டது. இதைச் சொல்லும்போது அவர் சிரித்தார். முழுக் கதையிலும் சிரித்தது அந்த ஓர் இடத்தில்தான்.

இடம் மிக உயரத்தில். மேடையில் இருக்கிறவர்கள் தீக்குச்சி அளவு. இரண்டு பக்கமும் பெரிய திரைகள். வெளிச்சம் இன்னும் போகவில்லை. வாண்டு உட்கார்ந்ததும் முன்னிருக்கையின் முதுகைப் பிடித்துக்கொண்டாள், தலைசுற்றலுக்காக. அக்கா கைப்பையிலிருந்து இரண்டு பஞ்சுத் திரிகளை எடுத்தார். ஈறுக்கும் கன்னத்துக்கும் நடுவில் வைப்போமே, அது. (சொல்லும்போது அதே பஞ்சு இரண்டு என் வாயில் இருந்தது.) இரண்டு காதிலும் திருகி, முடியை இழுத்து மேலே விட்டுக்கொண்டார். தங்கைக்குத் தெரிய வேண்டாம் என்றுதான். கேட்பதற்காக இவ்வளவு தூரம் வந்தவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு காதை அடைப்பது மரியாதையாக இல்லை என்று தோன்றியதாம்.

முதல் பாட்டு ஆரம்பித்தபோது சத்தம் காதுக்கு வரவில்லை, இருக்கைக்கு வந்தது என்றார் அக்கா. தொடைக்கு அடியில் பிளாஸ்டிக் அதிர்ந்தது. திரையில் டிரம்மர் குச்சியை ஓங்கி அடித்து முடித்த பிறகுதான் அந்த அடி இவர்களிடம் வந்து சேர்ந்தது. அவ்வளவு தூரம். வாண்டு எழுந்து நின்றாள். நின்றால் விழுந்துவிடுவாளோ என்று அக்கா அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். எல்லாப் பாட்டுக்கும் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்குக் கச்சேரி என்பது பெரும்பாலும் தங்கையின் பெல்ட்தான்.

பாடகருக்கு வயதாகிவிட்டது. திரையில் முகம் வரும்போதெல்லாம் அது தெரிந்தது. மேலே போக வேண்டிய இடம் வந்தால் மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டிவிடுவார். கூட்டம் பாடும். அவர் கண்ணை மூடிக்கொண்டு ரசிப்பதுபோல் நிற்பார். வாண்டு ஒவ்வொரு முறையும் தொண்டை புடைக்கப் பாடினாள், சுருதி எங்கோ போய்க்கொண்டிருந்தது. ஒற்றைக் காதால், அதுவும் தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்பதை வைத்துக்கொண்டு பாடுகிறவள். பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா அவர்களை முறைத்தார்.

வாண்டுவின் பாட்டு பாதிக்கு மேல் போன பிறகு வந்தது. கட்டிலில் காதை ஒட்டிக்கொண்டு கேட்டாளே, அந்தப் பாட்டு. ஆனால் டிரம் இல்லை, மற்ற இருவரும் இல்லை. பாடகர் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, ஒரே ஒரு கிட்டாரோடு, அதை மெதுவாக, தாழ்ந்த சுருதியில் பாடினார். வயதான தொண்டைக்கு ஏற்ற மாதிரி மாற்றியிருந்தார்கள். மெதுவான பாட்டு என்றதும் பாதிப் பேர் கழிவறைக்கு எழுந்து போனார்கள். இவர்களுக்கு முன்வரிசையில் ஒருவர் காரை எங்கே விட்டோம் என்று தன் நண்பரிடம் விளக்கிக்கொண்டிருந்தார். அதுகூட அக்காவுக்குப் பஞ்சு வழியாகக் கேட்டது. வாண்டுவுக்குப் பாட்டு கேட்டதா, கார் கேட்டதா, தெரியாது. அவள் பாடவில்லை. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, வலது காதைத் திருப்பி வைத்துக்கொண்டு நின்றாள்.

பாட்டு முடிந்ததும் சொன்னாள்: "இது அது இல்லக்கா."



(முதல் தடவை சொன்னபோது, வாண்டு இதைச் சிரித்துக்கொண்டே சொன்னாள் என்றார் அக்கா. அடுத்த தடவை கண் கலங்கியிருந்தது என்றார். நான் உண்மையை எழுதுகிறவனாக இருந்தால் கேட்டுத் தெளிந்திருக்க வேண்டும். வாயில் ரப்பர் விரிப்பு மாட்டியிருந்தார்கள். இரண்டையும் விட்டுவைக்கிறேன். இரண்டும் நடந்திருக்கலாம்.)

5

அடுத்த பாட்டில் நால்வரும் சேர்ந்துகொண்டார்கள். அந்த மாலையிலேயே பெரிய சத்தம் அதுதான். போனவர்கள் ஓடி வந்தார்கள். படிக்கட்டே குதித்தது. அப்போது வாண்டு அக்காவின் பக்கம் குனிந்து, கையை வாய்க்குக் குவித்து, அக்காவின் காதில் ஏதோ சொன்னாள். சுருக்கமாக இல்லை. நிதானமாக, ஒரே மூச்சில், முழுசாகச் சொன்னாள். காதில் சூடாக மூச்சு பட்டது அக்காவுக்கு நன்றாக நினைவிருக்கிறது.

அக்காவுக்குக் கேட்டது இரண்டே சொற்கள். முதலில் "இனிமே". கடைசியில் "சரியா?"

நடுவில் இருந்ததைப் பஞ்சு பாதியும் டிரம் பாதியும் தின்றுவிட்டன.

வாண்டு முகத்தை நிமிர்த்தி, பதிலுக்காக அக்காவின் கண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அக்கா தலையை ஆட்டினார். அந்த இரைச்சலில், நிற்கவே தடுமாறும் ஒருத்தியை, "என்ன சொன்ன, இன்னொரு தடவ சொல்லு" என்று கேட்டு மறுபடி சொல்லவைக்க அவருக்கு மனம் வரவில்லை. நன்றாக இருக்கிறது என்றோ, முடிந்ததும் ஏதாவது சாப்பிடலாம் என்றோ சொல்லியிருப்பாள் என்றுதான் நினைத்தார். நாம் எல்லாரும் ஒரு நாளைக்கு எத்தனை தடவை இப்படித் தலையாட்டுகிறோம். வாண்டு அவர் கையை எடுத்து ஒரு தடவை அழுத்தினாள். பிறகு மேடையைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள்.

அந்த அழுத்தலில்தான் அக்காவுக்குச் சந்தேகம் வந்தது. முடிந்ததும் ஏதாவது சாப்பிடலாம் என்பதற்கு யாரும் அப்படிக் கையைப் பிடிக்க மாட்டார்கள்.

பஞ்சைப் பிடுங்கினார். அதற்குள் எல்லாம் வெறும் சத்தம்.

கச்சேரிக்கு அடுத்த திங்கட்கிழமை காலை வாண்டு யாரும் சொல்லாமலே எழுந்து, ஒரு பையில் துணிகளை மடித்து வைத்துக்கொண்டு, கூடத்தில் வந்து உட்கார்ந்திருந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றாள். எப்படி மனசு மாறினாள் என்று அக்காவின் கணவர் ஆச்சரியப்பட்டார். கச்சேரி கேட்ட திருப்தி என்று அவராகவே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டார். அக்காவோ, மயக்க மருந்து கொடுக்க அழைத்துப் போகும்வரை, கேட்டுவிடலாம் கேட்டுவிடலாம் என்று வாயெடுத்துக்கொண்டே இருந்தார். இப்போது கேட்டால், காதில் விழாமலேதான் சரி என்று தலையாட்டினார் என்பது அவளுக்குத் தெரிந்துபோகும். தெரிந்தால் எழுந்து வீட்டுக்கு வந்துவிடுவாள். உயிரா, ஒரு வாக்கியமா என்று யோசித்து வாயை மூடிக்கொண்டார்.

மற்ற எல்லாக் கேள்விகளையும் அறுவை அன்று காலையில் அவளிடம் கேட்டார். பல் தேய்த்தாயா, குளிருகிறதா, பயமாக இருக்கிறதா. தன் குரல் அவளுக்குள் போவது அதோடு சரி என்று தெரிந்துதான் கேட்டார். வாண்டு எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள்.

6

இந்த இடத்தில் கதையை விட்டுவிட்டு மொழியைப் பற்றிக் கொஞ்சம் புலம்ப அனுமதியுங்கள்.

நம் பாஷையில் வினை கடைசியில்தான் வரும். ஒருத்தி வாக்கியத்தை ஆரம்பித்து, ஆளைச் சொல்லி, பொருளைச் சொல்லி, இடத்தைச் சொல்லி, எல்லாவற்றையும் அடுக்கிக்கொண்டு போனாலும், அதைச் செய்யச் சொல்கிறாளா செய்யாதே என்கிறாளா என்பது கடைசி அசையில்தான் தெரியும். வேணும், வேணாம். ஓர் எழுத்துதான் வித்தியாசம். 'இனிமே' என்பது இரண்டுக்கும் முன்னால் நிற்கும். 'சரியா' என்பது இரண்டுக்கும் பின்னால் நிற்கும். அக்காவிடம் கதவின் இரண்டு நிலைக்கால்களும் இருக்கின்றன, கதவு இல்லை.

நான் அந்த நடுப்பகுதியை எழுதிப் பார்த்தேன். வேறு எதற்கு இந்தத் தொழிலில் இருக்கிறேன்.

"இனிமே என்ன யாரும் வாண்டுன்னு கூப்பிடக் கூடாது, சரியா?" இது நன்றாக இருக்கிறது. நன்றாக இருப்பதுதான் சந்தேகமாக இருக்கிறது. என்னைப் போன்றவர்கள் எழுதும் வசனம்.

"இனிமே எனக்காக இந்த மாதிரி எடத்துக்கெல்லாம் வராத, சரியா?" இருக்கலாம். ஆனால் இதற்காகக் கையை அழுத்துவாளா?

"இனிமே நான் சத்தமாப் பேசினா சொல்லிடு, சரியா?" இதை எழுதியதும் எனக்குத் தூக்கம் வந்துவிட்டது, அவ்வளவு நிம்மதி. காலையில் படித்தபோது அது என் நிம்மதி, அவளுடையது இல்லை என்று தெரிந்தது.

நான்காவதாக ஒன்றை எழுதினேன். அதைப் பாதியில் விடுகிறேன்: "இனிமே வேற எங்கயாச்சும் கட்டி வந்தா, என்ன

7

அந்த நான்காவது நானாகக் கற்பனை செய்தது இல்லை. காரணம் இருக்கிறது.

அறுவை நல்லபடியாக முடிந்தது என்றார்கள். காது போனது. வாண்டு வேலையை விட்டாள். வீடு அவளுக்கேற்ப மெல்ல மாறியது. அழைப்பு மணியோடு ஒரு விளக்கை இணைத்துக் கொடுத்தார் அக்காவின் கணவர். வாண்டுவின் பேச்சு உரத்துப்போனது. பேருந்தில் ஊரே திரும்பிப் பார்க்கும்படி பேசுவாள். அக்கா உள்ளங்கையைக் கீழ்நோக்கி அழுத்திக் காட்டினால் குறைத்துக்கொள்வாள். உதடு பார்த்துப் புரிந்துகொள்ளும் வகுப்புக்குப் போகிறாள். மிச்ச நேரத்தில் படிக்கிறாள். முன்பு படிக்கிற பழக்கமே இல்லாதவள், இப்போது கையில் கிடைப்பதையெல்லாம் படிக்கிறாள். மருந்து டப்பாவுக்குள் மடித்து வைத்திருக்கும் தாளைக்கூட விடுவதில்லையாம். வார இதழ் வந்தால் அட்டை முதல் அட்டை வரை.

பிறகு வழக்கமான ஸ்கேன். முதுகெலும்பின் பக்கத்தில் புதிதாக ஒரு நிழல். இந்த நோயில் அப்படி வரும் என்றார் டாக்டர். மெதுவாகத்தான் வளரும், இப்போதே ஒன்றும் ஆகாது, ஆனால் என்ன செய்வது என்று குடும்பமாக யோசித்து முடிவு செய்துகொண்டு வாருங்கள் என்றார். எடுப்பதென்றால் காலில் உணர்ச்சி குறையலாம். விட்டாலும், பின்னால் எப்போதாவது அதே கதிதான். எல்லாவற்றையும் அவர் தாளில் எழுதிக் காட்டினார். வாண்டு நிதானமாகப் படித்துவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தாள்.

வெளியே வந்து, ஆஸ்பத்திரி வராந்தாவில், அத்தனை பேருக்கும் நடுவில், தன் குரல் எவ்வளவு உரத்திருக்கிறது என்று தெரியாமல் அவள் சொன்னாள்:

"அன்னிக்கு மைதானத்துல நான் சொன்னதுக்கு சரின்னு தலையாட்டினல்ல? அதுக்காகத்தான் ஆபரேஷனுக்கு வந்தேன். மறந்துட மாட்டியே?"

அக்கா மறுபடியும் தலையை ஆட்டினார்.

இந்த இடத்தில் பல் டாக்டர் திரும்பி வந்துவிட்டார். என் பல்லைத் தட்டிப் பார்த்து, மரத்துவிட்டதா என்றார். ஆமாம் என்று தலையாட்டினேன். அக்கா குழாயை என் உதட்டோரம் வைத்துவிட்டு, அடுத்த அரைமணி நேரம் டாக்டர் கேட்டதை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் விளக்கைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன்.

8

முடிவு வேண்டும்.

ஒரு முடிவில், அக்கா வீட்டுக்குப் போய், வாண்டுவின் முன்னால் உட்கார்ந்து, உதடு தெளிவாகத் தெரியும்படி, எனக்கு அன்றைக்குக் கேட்கவில்லை என்கிறார். வாண்டு சிரித்துவிடுகிறாள். அது ஏதோ அற்ப விஷயம். இருவரும் அழுது சிரிக்கிறார்கள். மூன்று பத்தி எழுதினேன். கிழித்துப் போட்டேன். அற்ப விஷயத்துக்காக யாரும் தன் காதைக் கொடுப்பதில்லை.

இன்னொன்றில், வாண்டு, தான் அறுவைக்குப் படுத்ததே ஒரு பொய்யை நம்பித்தான் என்று தெரிந்து, தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள். தட்டினால் கேட்காது. அதற்கு மேல் என்னால் எழுத முடியவில்லை.

மூன்றாவதில் அக்கா சொல்லவே இல்லை. முதுகில் இருக்கும் அந்த நிழலை எடுக்கச் சொல்கிறார், அல்லது விடச் சொல்கிறார். எதைச் சொன்னாலும் அது தான் கொடுத்த வாக்கை மீறுவதாக இருக்கலாம். தெரியாமலே காலம் ஓடுகிறது. உண்மையில் நடந்துகொண்டிருப்பது இதுதான்.

பல்லுக்கு மூடி போட்ட அன்றைக்கு வாய் சுதந்திரமாக இருந்தது. முதல் தடவையாக அக்காவிடம் பேசினேன். அந்த வாக்கியம் என்னவாக இருக்கும் என்று நிறைய எழுதிப் பார்த்தேன், எதுவும் சரியாக வரவில்லை, மன்னியுங்கள் என்றேன். அவர் கையுறையைக் கழற்றிக்கொண்டே, அதைக் கண்டுபிடிக்கச் சொல்லி நான் கேட்கவில்லையே என்றார். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. பிறகு எதற்காக எழுதச் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

அவர் அடுத்த நோயாளிக்கான தட்டில் கருவிகளை வரிசையாக வைத்தார். கண்ணாடி, முள், இடுக்கி. பிறகு என்னைப் பார்க்காமலே கேட்டார்.

"எந்தப் பத்திரிகைல சார் வரும்? எங்க வீட்டுக்கு வர்றதுதானா?"

ஆமாம், அதில்தான் என்றேன்.

"அப்ப அவ படிப்பா."

அவ்வளவுதான் சொன்னார். அடுத்தவரைக் கூப்பிடக் கதவைத் திறந்துகொண்டு போய்விட்டார்.

ஆகவே, இதுவரை பொறுமையாகப் படித்த மற்ற வாசகர்கள் எல்லாரும் மன்னிக்க வேண்டும். முடிவை வாசகரிடம் விடுவது என்று சொல்லுவோமே, அந்த வாசகர் நீங்கள் இல்லை. ஒரே ஒருவர்தான்.

உங்களை இவ்வளவு நேரம் 'அவள், இவள்' என்று எழுதியதற்குக் கோபப்படாதீர்கள். உங்கள் அக்காவின் வாயிலிருந்து கேட்டது அப்படியே வந்துவிட்டது. இந்தப் பக்கத்தை நீங்கள் படிக்கும்போது அவர் அநேகமாக அதே வீட்டில், உங்கள் முகத்தைப் பார்க்கத் துணியாமல், இல்லாத வேலை எதையோ செய்துகொண்டிருப்பார். அவருக்கு அன்றைக்குக் கேட்கவில்லை. நீங்கள் அவரிடம் என்ன வாங்கிக்கொண்டதாக நினைத்தீர்களோ, அதை அவர் கொடுக்கவில்லை.

கோபம் வந்தால் கோபப்படுங்கள். கதவைச் சாத்திக்கொள்ள வேண்டுமென்றால் சாத்திக்கொள்ளுங்கள். ஆனால் என்றைக்காவது திறந்து வெளியே வந்தால், அந்த வாக்கியத்தை அவரிடம் இன்னொரு தடவை சொல்லுங்கள். எவ்வளவு சத்தமாகச் சொன்னாலும் பரவாயில்லை. கேட்டுவிட்டு அவர் சரி என்பாரா, முடியாது என்பாரா, எனக்குத் தெரியாது. அன்றைக்கு அந்த மைதானத்தில், முடியாது என்று சொல்லும் வாய்ப்பே அவருக்குக் கிடைக்கவில்லை.